இரு கரையினருக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

ஐ-லீக் கால்பந்துப் போட்டியின் மூன்றாம் பிரிவில் விளையாட, இரண்டு கிளப்புகள் ஒன்றாகி உருவான எங்கள் அணிக்கு அனுமதி கிடைத்திருக்கும் செய்தியை உங்களில் பெரும்பாலானோர் இதற்குள் அறிந்திருப்பீர்கள். வாழ்த்துச் சொல்ல அழைத்தவர்கள் அனைவருக்கும் தனித்தனியே பதில் சொல்ல இயலாமல் போனதால், செயற்குழுவின் ஒப்புதலுடன் இம்மடலை எழுதுகிறேன். உதவியவர்களின் பெயர்களைப் பட்டியலாகப் போடுவதாகத்தான் முதலில் இருந்தது. ஆனால், எல்லோரையும்விட அதிகம் செய்த மூவர் தங்கள் பெயர் எங்கும் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் எழுதுவது முறையாகாது என்பதால் எவர் பெயரும் இதில் இல்லை. பழைய கிளப்புகள் இரண்டையும் வைகைக்கு இப்பக்கம் அப்பக்கம் என்று ஊரார் அழைக்கும் வழக்கப்படியே வடகரை, தென்கரை என்று குறிப்பிடுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். செய்தி பரவியதும், "இந்தியாவிலேயே மூணாவது டீமா?" என்று கேட்டு ஒரு பெரியவர் எனக்குச் சால்வை போர்த்திவிட்டார். அப்படி இல்லை. உச்சியில் இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல்., அதன் கீழே ஐ-லீக், அதன் கீழே ஐ-லீக் இரண்டாம் பிரிவு, அதற்கும் கீழேதான் 2023-ல் தொடங்கப்பட்ட இந்த மூன்றாம் பிரிவு. பெயரில் மூன்று என்றாலும் படியில் நான்காவது. மாநில லீக்குகளிலிருந்து ஏறி வருகிறவன் தேசிய அளவில் முதலில் கால் வைக்கும் இடம் அது. சால்வையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டு கிளப்புகளும் ஏன் சேர்ந்தன என்பதை, வெளியில் பலவிதமாகப் பேசப்படுவதால், உள்ளபடி சொல்லிவிடுகிறேன். தென்கரையிடம் ஆட்டம் இருந்தது. வடகரையிடம் தாள் இருந்தது. தென்கரையின் முன்வரிசை எந்தத் தற்காப்பையும் உடைத்துவிடும். ஆனால் அந்தச் சங்கம் பல ஆண்டுகளாக ஆண்டறிக்கையே தாக்கல் செய்யவில்லை. வடகரையிடம் தணிக்கை செய்த கணக்கு, உரிமம் பெற்ற பயிற்சியாளர், பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் அணி என எல்லாம் ஒழுங்காக இருந்தன. கோல் போடத்தான் ஆளில்லை. ஆட்டத்திறன், களவசதி, ஆள்பலமும் நிர்வாகமும், சட்டம், நிதி என்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு கிளப் உரிமத்துக்கு ஐந்து தலைப்புகள் வகுத்திருக்கிறது. அந்த ஐந்தையும் ஒரு காகிதத்தில் எழுதி எதிரே இரண்டு கிளப்புகளின் நிலையையும் குறித்துப் பார்த்தபோது, தனித்தனியே இருவரும் தேறவில்லை. இரண்டையும் கூட்டினால் ஐந்தும் நிறைந்தது.

இந்தக் காகிதக் கணக்கு வருவதற்கு முன்பே பேச்சு தொடங்கியது ஒரு பேருந்தில்தான். 2019 மார்ச் 9-ஆம் தேதி, கோவை நேரு விளையாட்டரங்கத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் கோப்பையை எடுத்த ஆட்டத்தைப் பார்க்க, இரு கரையிலிருந்தும் ஆட்கள் தனித்தனியாகப் போயிருந்தோம். திரும்பும்போது மதுரை ஆரப்பாளையம் வரும் ஒரே பேருந்தில் ஏறும்படி ஆயிற்று. திண்டுக்கல் தாண்டும் வரை முறைத்துக்கொண்டிருந்தவர்கள், அதற்குப் பிறகு ஆட்டத்தைப் பேசத் தொடங்கி, இறங்கும்போது ஒருவர் தோளில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வைகையின் இரு கரையையும் இணைக்க 1889-ல் திறந்த ஏ.வி. பாலம் இருந்தும் இரண்டு கிளப்புகளும் சந்தித்துக்கொள்ளக் கோயம்புத்தூர் வரை போக வேண்டியிருந்தது. அன்று கடைசி இருக்கையில் எல்லோருக்கும் இடம் ஒதுக்கிக் கொடுத்த நடத்துநருக்கு இந்த மடல் எப்படியாவது போய்ச் சேர்ந்தால் மகிழ்வேன்.

அடுத்து, எங்களுக்கு இன்வர்னெஸ் கதையைக் கொண்டுவந்த உடற்கல்வி ஆசிரியருக்கு நன்றி. இணைப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எல்லோரும் 2020-ல் கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப் ஏ.டி.கே. என்ற ஐ.எஸ்.எல். அணியுடன் சேர்ந்ததையும், பெயருக்கு முன்னால் ஒட்டிய அந்த மூன்றெழுத்தை எடுக்கச் சொல்லி ரசிகர்கள் மூன்று ஆண்டு போராடியதையும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பணம் படைத்தவன் விழுங்குவதும் சமமானவர்கள் சேர்வதும் ஒன்றல்ல என்று விளக்க, அவர் ஸ்காட்லாந்தின் வடகோடியிலிருந்து ஓர் உதாரணத்தைத் தேடி எடுத்து இரண்டு பக்கங்களில் எழுதி வந்தார். இன்வர்னெஸ் என்பது சிறிய ஊர். அங்கே கலிடோனியன், திசில் என்று நூறாண்டுக்கு மேற்பட்ட இரண்டு பகையாளி கிளப்புகள். 1994-ல் ஸ்காட்டிஷ் லீக் மூன்று பிரிவுகளிலிருந்து நான்காக விரிந்தபோது, கடைசிப் பிரிவில் இடம் கேட்பதற்காக இரண்டும் ஒன்றாயின. இரண்டு பக்கத்து ரசிகர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். இடம் கிடைத்தது. ஆறே ஆண்டில், 2000 பிப்ரவரியில், அந்த அணி கிளாஸ்கோவுக்குப் போய் அந்நாட்டின் பெரிய அணியான செல்டிக்கையே கோப்பை ஆட்டத்தில் 3-1 என்று தோற்கடித்தது. 2015-ல் ஸ்காட்டிஷ் கோப்பையையும் வென்றது. ஆசிரியர் நேர்மையானவர் என்பதால் கதையை அங்கே நிறுத்தவில்லை. 2024-ல் அதே கிளப் மூன்றாம் நிலைப் பிரிவுக்கு இறங்கியதையும், கடன் சுமையால் நிர்வாகம் வெளியாள் கைக்குப் போனதையும் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தார். அந்தப் பத்தியைத்தான் எங்கள் பொருளாளர் வெட்டி எடுத்துக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி, இரண்டு சங்கங்கள் ஒன்றாக வேண்டுமானால் இரண்டும் தனித்தனியே பொதுக்குழுவைக் கூட்டிச் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். சாதாரணப் பெரும்பான்மை போதாது, நான்கில் மூன்று பங்கு வேண்டும். வடகரையில் அதிகச் சிக்கலில்லை. தென்கரைக் கூட்டம் மாலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்றரைக்கு முடிந்தது. அன்று பேசிய மூத்த உறுப்பினர் ஒருவர், மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தையும் தேனூரில் நடந்த அழகர் ஆற்றில் இறங்கும் விழாவையும் திருமலை நாயக்கர் ஒன்றாகச் சேர்த்துச் சித்திரையில் மதுரையில் நடத்தினார் என்று சொல்லும் வழக்கை எடுத்துக்காட்டி, "ரெண்டு திருவிழாவச் சேத்த ஊருடா இது, ரெண்டு கிளப்பச் சேக்க முடியாதா?" என்று கேட்டார். கைதட்டல் அடங்குவதற்குள் பின் வரிசையிலிருந்து, "சேத்து என்னண்ணே ஆச்சு? அழகர் இன்னும் ஆத்தோடதான திரும்புறாரு, கல்யாணத்துக்கு வரலையே!" என்று ஒரு குரல். எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் சேர்ந்து சிரித்தது அந்த ஐந்தரை மணி நேரத்தில் அப்போது மட்டும்தான்.

வந்திருந்த 64 பேரில் 51 பேர் ஆதரித்தார்கள். 13 பேர் எதிர்த்தார்கள். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக அந்த 13 பேருக்கு நன்றி சொல்லத்தான். ஆதரித்த எங்களுக்கு ஒரு தேசிய லீக் கிடைத்தது. அவர்களுக்கு, சிறுவயது முதல் தங்கள் கிளப் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்று இல்லாமல் போனது. நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம், போகவில்லை. போட்டிக்கு ஒரு கிளப் தொடங்கியிருக்கலாம், அதையும் செய்யவில்லை.

அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி. தென்கரையின் பழைய தீர்மானப் புத்தகங்களும் சாமான் அறையின் சாவியும் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருந்தன. பதிவாளர் அலுவலகத்தில் மூலப் புத்தகத்தைக் காட்டச் சொன்னார்கள். அதைப் போய்க் கேட்கும் துணிவு எங்களில் எவருக்கும் இல்லை. பதினோராம் நாள் காலை அவரே பயிற்சிக்கு வந்தார். மஞ்சப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, கடைசித் தீர்மானம் எழுதியிருந்த பக்கத்தைப் பிரித்து, சட்டைப் பையிலிருந்த சிறிய மர ஸ்கேலை வைத்து அதன் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடுகள் போட்டார். "இதுக்கு மேல ஒரு வரி கூட யாரும் எழுதக்கூடாது" என்று சொல்லிச் சாவியையும் என் கையில் வைத்துவிட்டு, ஆட்டத்தைப் பார்க்காமலே போய்விட்டார். ஐயா, உங்கள் சொற்படியே அந்தக் கோட்டுக்குக் கீழே எவரும் எழுதவில்லை. வேலை முடிந்ததும் புத்தகத்தை உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்.

தென்கரையின் நின்றுபோன ஆண்டறிக்கைகளை ஒரு ரூபாய் கூட வாங்காமல் சரிசெய்து கொடுத்த ஆடிட்டருக்கும், புதிய பெயரில் கணக்குத் தொடங்க ஒரு வங்கிக் கிளை எங்களை ஆறு முறை அலையவிட்டபோது அரை நாள் விடுப்புப் போட்டு உடன்வந்த உறுப்பினருக்கும் நன்றி. அந்தக் கிளையைப் பற்றி வேறு எழுத விரும்பவில்லை.

சட்டை நிறத்துக்கு வருகிறேன். வடகரை பச்சை, தென்கரை அரக்குச் சிவப்பு. இரண்டையும் கலந்து தைத்த மாதிரியைப் பார்த்து என் மகள் சித்திரைப் பொருட்காட்சிக் கூடாரம் போலிருக்கிறது என்றாள்; அவள் சொன்னது சரிதான். மூன்று வாரச் சண்டையைத் தீர்த்தது முன்பு புதுமண்டபத்தில் கடை வைத்திருந்த எங்கள் தையற்காரர். எதிரணியின் நிறம் ஒத்துப்போனால் மாற்றிக்கொள்ள எப்படியும் இரண்டு வகைச் சட்டை தைத்தாக வேண்டும் அல்லவா, சொந்தக் களத்துக்கு ஒன்று, வெளியூருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் என்ன என்று அளவெடுத்துக்கொண்டே கேட்டார். காசு சுண்டியதில் பச்சை சொந்தக் களத்துக்கு விழுந்தது. தென்கரையார் இன்றும் அந்தக் காசைப் பற்றிச் சந்தேகம் எழுப்புகிறார்கள்.

பயிற்சிக் களம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், செம்மண் அடித்துக் கொடுத்த லாரி உரிமையாளருக்கும் எங்கள் நன்றி. களத்தை அளந்தபோது இன்னொன்று தெரியவந்தது. கம்பத்தின் உயரம் 2.44 மீட்டர் இருக்க வேண்டும். இரண்டு முனைகளிலும் சரியாக இருந்தது, நடுவில் மட்டும் நான்கு சென்டிமீட்டர் குறைந்தது. தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் தொங்கி விளையாடியதில் குறுக்குக் கம்பம் தொய்ந்திருக்கிறது. சிம்மக்கல் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் இரண்டு கம்பங்களையும் கழற்றிப் புதிய குழாய் போட்டு, கூலி வாங்க மறுத்தார். பழைய கம்பத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். தொங்கிய பையன்களில் அவரும் ஒருவராம்.

நன்கொடை கேட்டுக் கடை கடையாக ஏறியபோது, "மதுரையில ஃபுட்பாலா?" என்ற கேள்வியைக் கேட்காத கடை குறைவு. அதற்கு எங்களிடம் ஆயத்தமாக இருந்த பதில் இந்த ஊர்ப் பெண்கள் அணியான சேது எஃப்.சி. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக்கின் கோப்பையை எடுத்தவர்கள் அவர்கள். நாங்கள் நான்காம் படியில் கால் வைப்பதற்கே இத்தனை ஆரவாரம் செய்யும்போது, உச்சிப் படியில் ஏறிய அவர்களை இந்த ஊர் எந்த அளவுக்குக் கொண்டாடியது என்று எண்ணிப் பார்க்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர்களைச் சொல்லி நாங்கள் வசூலித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

இரண்டு அணிகளின் ஆட்டக்காரர்களையும் ஒரே பட்டியலில் அடக்கும் வேலை என்னுடையதாக இல்லாமல் போனதற்குப் பயிற்சியாளருக்கு நன்றி. தென்கரையின் கோல் கீப்பர், வயது முப்பத்து நான்கு, தேர்வு ஆட்டம் முடிந்த அன்று மாலையே தன் பெயரைத் தானே நீக்கச் சொல்லிவிட்டார். வடகரைப் பையன் தன்னைவிட நன்றாகப் பிடிக்கிறான், அதைத் தேர்வுக் குழு சொல்லும்வரை காத்திருப்பானேன் என்றார். விரல் நுனிகளில் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டிய தன் கையுறைகளை அந்தப் பையனுக்குக் கொடுத்தார். அவன் அவற்றைப் போட்டுக்கொள்வதில்லை. பையில் வைத்து எடுத்து வருகிறான். அண்ணன் இப்போது சிறுவர் அணியின் கோல் கீப்பர்களுக்குக் காலை ஆறு மணிக்குப் பயிற்சி தருகிறார்.

வரவு செலவுக் கணக்கு முழுவதும் மைதானத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. நன்கொடை தந்தவர்கள் தங்கள் தொகை சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். விடுபட்டவர்கள் இருப்பார்கள், அது என் மறதியே தவிர வேறில்லை, நேரில் சொன்னால் திருத்திக்கொள்கிறேன்.

கடைசியாக, மைதான வாசலில் பருத்திப்பால் விற்கும் அக்காவுக்கு. பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து இரண்டு கரைப் பையன்களுக்கும் ஒரே நோட்டில் பற்று எழுதி வருகிறீர்கள். சென்ற வாரம் வரை ரூ.1,840 ஆகிறது என்று பொருளாளர் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை அது உங்கள் கைக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
செயலாளர்
மதுரை