சாவியோடு வரைபடத்தையும் கொடுங்கள்

பிரிட்டனின் ஆளுகையில் மிஞ்சியிருக்கும் தீவுகளில் படை காலி செய்த நிலங்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தளம் ஒன்றைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் பேச்சு எழுந்தால், காலனியாக இருந்த பிஜியை முதலில் பாருங்கள். சுவாவை ஒட்டிய லவுதாலா விரிகுடாவில் நியூசிலாந்து விமானப்படையின் கடல்விமானத் தளம் 1967-இல் மூடப்பட்டது. நியூசிலாந்து அதை விட்டுக்கொடுக்க, 1968 பிப்ரவரியில் தென் பசிபிக் பல்கலைக்கழகம் அங்கேயே வகுப்புகளைத் தொடங்கியது. பெரும்பகுதி நிலம் விற்கவே முடியாத குலச்சொத்தாக இருக்கும் நாட்டில், நகரத்தருகே அத்தனை பெரிய இடம் கிடைத்ததே பெரிது. அதைவிட, கட்டடங்கள் நெடுநாள் பூட்டிக் கிடக்கவில்லை.

சுவாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. இப்படிப்பட்ட ஊரில் பூட்டிய வீட்டின் கூரை வடிகாலில் இலை அடைத்தால் போதும்: தண்ணீர் கூரைத் தகட்டுக்கடியில் ஏறும், கைமரம் உளுத்துப்போகும், கரையான் வரும். செம்புக் கம்பி அதற்கு முன்பே திருடு போயிருக்கும். ஆகவே பல்கலைக்கழகக் காவலாளி வந்து நிற்கும்வரை படைக் காவலை எடுக்காதீர்கள்.

எண்ணெய்தான் பெரிய தலைவலி. கடல்விமானங்கள் குடித்தது ஈயம் கலந்த பெட்ரோல். நிலத்தடித் தொட்டியை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அங்கிருந்து படகுத்துறைக்குப் போகும் குழாயை மறந்துவிடுவார்கள். கசிவதோ அதன் இணைப்புகளில். தொட்டியடியிலும் குழாய்த்தடம் நெடுகவும் பல ஆழங்களில் மண்ணெடுத்து, ஈயத்துக்கும் எண்ணெய்க்கும் தனித்தனியே சோதியுங்கள். காலித் தொட்டி என்று அலட்சியம் வேண்டாம். மிச்ச ஆவி காற்றோடு கலந்தால் ஒரு பொறி போதும். நைட்ரஜன் செலுத்தி, கருவியில் அளந்த பிறகே வெட்ட வேண்டும்.

பழைய படைவீடுகளின் சுவர்த்தகடு ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டாக இருக்கலாம். உடையாமல், வண்ணம் பூசிக் கிடக்கும்வரை பெரிய தொல்லையில்லை. கரும்பலகை மாட்ட எவரோ துளையிடும் நாளில்தான் நார்த்தூசு கிளம்பும். கைமாற்றும் முன்பே அத்தகடுகளில் அடையாளம் ஒட்டுங்கள். விமானக் கொட்டகையை விரிவுரைக்கூடம் ஆக்கும் ஆசையும் வேண்டாம். தகரத்தில் மழை கொட்டினால் ஆசிரியர் வாயசைப்பது மட்டும் தெரியும். பட்டறைக்கு அது அருமையான இடம்.

பத்திரத்தில் ஒன்று பாருங்கள்: படைத்தேவை தீர்ந்தால் நிலம் பழைய உரிமையாளருக்குத் திரும்பும் என்ற நிபந்தனை இருந்தால், அதைத் தீர்க்காமல் கட்டடம் எழுப்ப முடியாது. எல்லைக்கல்லையும் புதிதாக அளக்க வேண்டும்.

பெட்டி கட்டும் வாரத்தில் வரைபட அலமாரி முதல் கப்பலில் ஏறிவிடும். குடிநீர், கழிவுநீர், மின்சார வரைபடங்களின் படிகளை அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். எந்த வால்வு எதை மூடும் என்று தெரிந்த ஒருவரையாவது இரண்டு வாரம் அங்கே நிறுத்தி வையுங்கள்.