அலமாரி மேல் செருப்பு

மெஸ்த்ரே, நவம்பர் 23

அன்புள்ள அம்மாவுக்கு,

அக்காவின் கடிதம் வந்து பத்து நாளாகிறது. "படகு, கோபுரம் என்று போட்டோ வருகிறது, அதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டிருந்தாள். நான்கு மாதம் எழுதாமல் இருந்ததற்குத் திட்டுங்கள், நியாயம்தான்.

வெனிஸில் இருக்கிறான் என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லியிருப்பீர்கள். நான் படுப்பது மெஸ்த்ரேயில். பாலத்துக்கு இந்தப் பக்கம், பஸ்ஸும் லாரியும் ஓடுகிற சாதாரண ஊர். வெனிஸ் தீவில் வாடகை கொடுத்து மாளாது. 1951-இல் அங்கே 1,70,000 பேருக்கு மேல் இருந்தார்கள், இப்போது 50,000கூட இல்லை.

ஓட்டல் விரிப்பு, துண்டு மூட்டைகள் விடியற்காலையில் படகில் வந்து இறங்கும். அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சந்து சந்தாகக் கொண்டுபோவதுதான் என் வேலை. பாலமெல்லாம் படிக்கட்டு. வண்டியின் முன்னால் இரண்டு சின்னச் சக்கரம் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் படிமேல் ஏற்றி வைத்து ஓர் எக்கு எக்கினால் பெரிய சக்கரமும் ஏறிவிடும். போட்டோ எடுப்பவர்கள் வழிவிட 'அத்தென்சியோனே' என்று கத்த வேண்டும். கன்னாரேஜோ பேட்டைப் பக்கம் போய்விட்டால் கூட்டம் கிடையாது. வாய்க்காலுக்கு மேலே கொடியில் துணி காயும், கீழே குப்பைப் படகு போகும். ஆம்புலன்ஸும் படகுதான், கல்லறைத் தோட்டம்கூடத் தனித் தீவு.

எதிர்வீட்டுப் பாட்டி தீவில் பிறந்தவள். 1966 நவம்பர் 4, கடல் 194 சென்டிமீட்டர் ஏறின அன்று அவர்களுடைய கீழ்வீட்டில் இருந்ததெல்லாம் போச்சாம். இங்கே மூன்றாவது மாடியில் இருந்துகொண்டு, நவம்பர் வந்தால் இன்னமும் ராத்திரி செருப்பை அலமாரி மேல் தூக்கி வைக்கிறாள். கடல்வாயில் 78 இரும்புக் கதவு போட்டாகிவிட்டது, 2020-லிருந்து அதை உயர்த்தித் தண்ணீரைத் தடுக்கிறார்கள். பாட்டியிடம் சொன்னால் கேட்கணுமே!

ஒருநாள் எனக்குச் சாளை மீன் கொடுத்தாள். பொரித்து, வெங்காயமும் வினிகரும் உலர்திராட்சையும் போட்டு ஊறவைத்தது. திராட்சை! நம் புளிக்குழம்புக்குக் கிட்டே வராது, ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

முந்தாநாள் சலூத்தே மாதா திருநாள். 1630-இல் வந்த கொள்ளைநோய்க்கு நேர்ந்துகொண்டு கட்டின கோயில். நானும் வரிசையில் நின்று மெழுகுவர்த்தி வாங்கினேன். அந்த மெழுகு வாசனை வந்ததும் ஆகஸ்ட் 5-ம் நம் பெரிய கோயில் வாசலும், அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றதும்... சரி, விடுங்கள். பனிமய மாதா, பனிமய மாதா என்று வேண்டினோமே, பனி என்றால் என்னவென்று இங்கேதான் தெரிகிறது. இந்தக் காற்றில் எல்லார் கண்ணிலும் தண்ணீர் வரும்.

அப்புறம், பணம் இந்த மாதம் கொஞ்சம் குறைவு. குளிர்காலத்தில் ஓட்டல்கள் பாதி மூடிக்கிடக்கும், வேறொன்றுமில்லை. பிப்ரவரியில் கார்னிவல் வந்துவிட்டால் மூட்டை குவியும். அதுவரை அடகில் இருக்கிற நம் பாட்டி சங்கிலிக்கு வட்டி மட்டும் கட்டச் சொல்லுங்கள். மாமாவிடம் கைநீட்ட வேண்டாம். தம்பி கல்லூரிப் பணத்தை நான் நேராக அவனுக்கே போடுகிறேன். பாப்பாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள்? அக்கா அதை எழுதவே இல்லை.

ஊரில் மழை பலம் என்றிருந்தாள். வீட்டுப் பத்திரத்தையும் அடகுச் சீட்டையும் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், அலமாரி மேல் தூக்கி வைத்துவிடுங்கள்.

உங்கள் மகன்