கையெழுத்துப் போட்டது போனுக்குத்தான்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்கு இப்போது தேவலை. தம்பி காலேஜுக்கு ஒழுங்காகப் போகிறான். நீ அனுப்பிய பணம் வந்தது, சீட்டுக்குக் கட்டிவிட்டோம்.

இதைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் நீ ஷிப்ட் முடிந்து வந்து, ஹாஸ்டல் வராண்டாவில் நாலு பேருக்கு நடுவே நின்று, பாதித் தூக்கத்தில் பேசுகிறாய். அப்போது சொன்னால் காதில் ஏறாது. எழுதினால் ஆற அமரப் படிப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் இரண்டு கேள்வி கேட்டேன். உங்கள் போன் ஆலையில், லைனில் இப்போது என்ன மாடல் ஓடுகிறது என்றேன். "அதெல்லாம் வெளியே சொல்லக்கூடாதுப்பா, கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றாய். சரி. அப்புறம், கண்ணாடி துடைக்கிற இடத்துக்கு உன்னை மாற்றிய பிறகு தலை வலிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயே, எதை வைத்துத் துடைக்கிறீர்கள் என்று கேட்டேன். அதற்கும் அதே பதில்தான் வந்தது. முதல் பதிலில் எனக்குப் பெருமைதான். இரண்டாவது பதில் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

முதலில் பெருமைப்பட்ட விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தறி ஓட்டிய மில்லிலும் வெளிநாட்டு ஆர்டருக்கான டிசைன் எல்லாம் பீரோவில் பூட்டித்தான் இருக்கும். சாம்பிளில் ஒரு சாண் துணி வெளியே போனால் கொண்டுபோனவனுக்கு வேலை இருக்காது. அதை நான் தப்பென்று நினைத்ததில்லை. ஒருவன் காசும் மூளையும் போட்டுச் செய்ததை, அவன் கடைக்குக் கொண்டுவருவதற்கு முன்பே இன்னொருவன் காப்பியடித்தால் அவன் நஷ்டப்படுவான், அடுத்த ஆர்டர் நமக்கும் வராது.

போன் தொழிலில் இது இன்னும் கடுமை. அடுத்த மாடல் இப்படித்தான் இருக்கும் என்று முன்பே தெரிந்துவிட்டால், கடையில் அடுக்கியிருக்கிற மாடலை வாங்க நினைப்பவன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பான். 2010இல் கலிஃபோர்னியாவில் ஆப்பிள் இன்ஜினியர் ஒருவர் வெளிவராத ஐபோன் 4ஐ ஒரு மதுக்கடையில் விட்டுவிட்டுப் போய்விட்டார். கிஸ்மோடோ என்கிற இணையதளம் 5,000 டாலர் கொடுத்து அதை வாங்கி, பிரித்து, படம் போட்டுவிட்டது. அதைவிடப் பெரிய தலைவலி அவர்களுக்குச் சீனாவில் இருந்தது. 2013இல் ஐபோன் 5சி வெளிவரும் முன்பே அதன் மேலுறைகள், அதாவது போனின் வெளிக்கூடுகள், ஆலையிலிருந்து திருட்டுப் போய், சுமார் 19,000 மேலுறைகளை ஆப்பிளே காசு கொடுத்துத் திரும்ப வாங்கியது. பிறகு காவலை இறுக்கினார்கள். சீன ஆலைகளில் உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் ஒரு நாளைக்கு 27 லட்சம் தடவை சோதிப்பதாக 2017இல் தங்கள் ஊழியர்களுக்கான கூட்டம் ஒன்றில் சொல்லியிருக்கிறார்கள். 2016இல் 6.5 கோடி மேலுறைகளில் திருடு போனவை நாலே நாலுதானாம். அதே வருஷம்தான், முதல் தடவையாக, ஆலைகளைவிடத் தலைமையகத்திலிருந்து அதிக ரகசியம் வெளியே போயிருக்கிறது. கூலிக்கு வேலை செய்கிறவர்கள் பெரிய சம்பளக்காரர்களைவிட நன்றாக ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. கேட்டில் உன் பையைக் கொட்டிப் பார்க்கும்போது அவமானமாக இருக்கிறது என்றாயே, இந்தக் கணக்கை நினைத்துக்கொள். உன்னைத் திருடி என்று யாரும் முடிவுகட்டிச் செய்வதில்லை. பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

நேரு வீதியில் மொபைல் கடை வைத்திருக்கும் நமக்குத் தெரிந்தவர் ஒருவர் என்னைப் பிடித்தார். "பொண்ணு அங்கதானே இருக்கு, அடுத்த மாடல் கேமரா எந்தப் பக்கம் வருதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, கவர் முன்னாடியே எடுத்து வச்சுக்கலாம்" என்றார். கவர் வியாபாரத்தில் அளவு முன்கூட்டியே தெரிந்தவனுக்குத்தான் லாபம். இனி இந்தப் பேச்சோடு என் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பியும் கலர் என்ன கலர் என்ன என்று உன்னை நச்சரிக்கிறானாம், அவனையும் கண்டித்துவிட்டேன். நீ எந்த பிராண்டுக்குச் செய்கிறாய் என்பதைக்கூட இந்தக் கடிதத்தில் எழுதவில்லை, பார்.

ஆனால் இவ்வளவு காவல் இருக்கிற இடத்தில் ஒரு பொருள் காணாமல் போனால் பழி யார் தலையில் விழும் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 2009 ஜூலையில் சீனாவில் ஷென்ஜென் நகரத்தில், ஆப்பிளுக்குப் போன் செய்து கொடுக்கிற ஃபாக்ஸ்கான் கம்பெனியின் ஆலையில், 25 வயதுப் பையன் ஒருவன் பொறுப்பில் இருந்த 16 மாதிரி ஐபோன்களில் ஒன்று தொலைந்துபோனது. அவன் வீட்டைச் சோதனை போட்டார்கள், கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். தன்னை அடித்ததாக நண்பர்களிடம் சொல்லியிருக்கிறான். சில நாளில் அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். பெற்றவர்களுக்கு அந்தப் பிள்ளை ஒரு போனுக்குப் போய்விட்டான், கண்ணு. உன் லைனில் ஒரு பொருள் குறைந்து உன்னைத் தனியறையில் உட்காரவைத்து விசாரித்தால், என்ன நேரமானாலும் எனக்குப் போன் போடு. முதல் பஸ்ஸில் வந்து நிற்பேன். என்னைக் கேட்காமல் எந்தத் தாளிலும் எழுதிக்கொடுக்காதே.

நம் ஊரிலிருந்தே ஒரு தொழில் ரகசியம் கப்பலேறியிருக்கிறது. 1734 வாக்கில் பொலியூ என்கிற பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரி இங்கே புதுச்சேரியில் சாயக்காரர்கள் பக்கத்தில் நின்று, வெள்ளைத் துணி சித்திரத் துணியாவதை ஆரம்பத்திலிருந்து பார்த்து எழுதினார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தத் துண்டுகள் பாரிஸில் இன்னும் இருக்கின்றன. 1742இல் கேர்தூ என்கிற பாதிரியார், தன்னிடம் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு இன்னும் விவரமாகப் பிரான்சுக்குக் கடிதம் எழுதினார். கடுக்காயோடு எருமைப்பால் கலந்து துணியை ஊறப்போடுவது, படிகாரம் இட்ட இடத்தில் மட்டும் சாயவேர்ச் சிவப்பு பிடிப்பது, எத்தனை தடவை அலசுவது, எப்படி வெயிலில் போடுவது என்று ஒன்றையும் விடவில்லை. அந்த நாளில் பிரான்சில் நம் துணிக்குத் தடை, 1686இலிருந்தே. 1759இல் தடை நீங்கியது. அடுத்த வருஷமே வெர்சாய் பக்கத்தில் ழூயி என்கிற ஊரில் ஓபர்காம்ஃப் அச்சுத்துணிப் பட்டறை திறந்தார்.

மில்லில் ஒரு பெரியவர் இதைச் சொல்லித்தான் முதலில் கேட்டேன். எத்தனை தலைமுறை சேர்த்த அறிவு அது என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கும். ஆனால் இந்தக் கதையில் நீ பார்க்க வேண்டியது வேறு. அன்று ரகசியம் முழுசாக வேலை செய்தவன் விரலில் இருந்தது, அவன் வாய் திறந்தால்தான் வெளியே போகும். இன்று போனை எங்கோ வரைகிறார்கள், சிப் தைவானில் வருகிறது, திரை கொரியாவில் வருகிறது, நீ இருக்கிற சுங்குவார்சத்திரத்தில் சேர்த்து மூடுகிறார்கள். உன் பங்குக்கு வருவது ஒரு கண்ணாடியும் ஒரு துணியும் ஒரு பாட்டிலும். கம்பெனியின் ரகசியம் என்று உன்னிடம் இருப்பது ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைக் காப்பாற்று. உன் தலைவலியை அந்தக் கணக்கில் சேர்க்காதே.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், சீனாவில் சூசௌ நகரத்தில் வின்டெக் என்கிற ஆலையில் இதே வேலையில்தான் அது நடந்தது. போன் திரையைத் துடைக்க ஆல்கஹால் வைத்திருந்தார்கள். அது காய நேரமாகிறது என்று 2008, 2009 வாக்கில் என்-ஹெக்சேன் என்கிற திரவத்துக்கு மாற்றினார்கள். அது சட்டென்று ஆவியாகும், ஒரு ஷிப்டில் நிறையத் திரை துடைக்கலாம். காற்றோட்டம் போதாத அறையில் அந்த ஆவியை மாசக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு நரம்பு பாதித்தது. விரல் மரத்தது, கால் தள்ளாடியது, சிலர் நடக்கவே சிரமப்பட்டார்கள். 137 பேர் பாதிக்கப்பட்டதாக ஆப்பிளே 2011இல் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஆரம்பத்தில் அவர்களில் பலருக்கும் தலைவலியும் தலைசுற்றலும்தான். உனக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பாட்டிலில் வெறும் ஆல்கஹாலே இருக்கலாம். எது என்று தெரிந்தால்தானே நிம்மதி?

கடலூர் அத்தையைக் கேட்டுப் பார். குடிகாட்டில் அவள் வாழ்க்கைப்பட்ட காலத்திலிருந்து சிப்காட் தொழிற்பேட்டை நாற்றம்தான். ராத்திரியில் கண் எரியும், எந்தக் கம்பெனி எதை விட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடைசியில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களே எந்த நேரத்தில் என்ன நாற்றம் என்று நோட்டில் எழுதி, வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் அந்த நாற்றத்துக்கெல்லாம் பெயர் கிடைத்தது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்தான வேலை நடக்கிற இடத்தில் என்ன ஆபத்து, எப்படித் தப்பிப்பது என்று தொழிலாளிக்கு நிர்வாகம் சொல்லியே ஆக வேண்டும் என்று சேர்த்தார்கள். அத்தனை உயிர் போய் வந்த விதி அது. எந்த ஒப்பந்தத்தாளும் அதற்கு மேலே போக முடியாது.

சாப்பாடும் தங்குமிடமும் அப்படித்தான். 2021 டிசம்பரில் பூந்தமல்லி ஹாஸ்டலில் கெட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு ஃபாக்ஸ்கான் பெண்கள் 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். யாருக்கு என்ன ஆனது என்று கூட வேலை செய்தவர்களுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. செத்துப்போய்விட்டார்கள் என்று வதந்தி பரவி, ஆயிரக்கணக்கான பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலையை மூடினார்கள், ஜனவரி 12இல்தான் திறந்தார்கள். சில தங்குமிடங்களும் சாப்பாட்டு அறைகளும் தரமாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்த பிறகுதான். அந்தப் பெண்கள் ஒரு போனின் படத்தையும் வெளியே விடவில்லை, பார்.

இந்த ஊரில் பிறந்த பெண் நீ. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் சுடப்பட்டு 12 பேர் செத்தார்கள். வேலை நேரம், கூலி, சங்கம் வைக்கிற உரிமை, இவற்றைத்தான் அவர்கள் வாய்விட்டுக் கேட்டார்கள். எட்டு மணி நேர வேலை அடுத்த வருஷமே இங்கே சட்டமானது. என் தாத்தா காலத்தில் கிடைத்த அந்த எட்டு மணி நேரத்தில்தான் நான் வேலை செய்து உங்களைப் படிக்க வைத்தேன்.

அதனால் இனிமேல் மாடல், கலர், லைன், எண்ணிக்கை எதையும் யாரிடமும் சொல்லாதே, என்னிடமும்தான். உன் உடம்பு, சாப்பாடு, ஓவர்டைம், சம்பளப் பிடித்தம், யாராவது கைநீட்டினார்களா, திட்டினார்களா, இதையெல்லாம் ஒளிக்காமல் சொல். நீ கையெழுத்துப் போட்ட தாளின் நகலைக் கேட்டு வாங்கி வை. தர மாட்டோம் என்றால் கேட்ட தேதியையாவது குறித்துக்கொள். சம்பளச் சீட்டும் இ.எஸ்.ஐ. அட்டையும் உன் பெட்டியிலேயே இருக்கட்டும், ஏஜென்ட்டிடம் கொடுத்து வைக்காதே. தலைவலியை முதலில் சூப்பர்வைசரிடம் சொல், கூட இருக்கிற பெண்களுக்கும் இருந்தால் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதலாம். எழுதுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போதைக்கு ஒரே ஒரு காரியம் செய். பாட்டிலில் ஒட்டியிருக்கிற பெயரை மனசில் வைத்துக்கொண்டு வந்து ஒரு தாளில் எழுது. ஒன்றும் ஒட்டாமல் ஊற்றி வைத்திருந்தால் அதையும் எழுது. ஞாயிறு காலையில் கூப்பிடுகிறேன், அப்போது படித்துச் சொல். விரல் நுனி மரத்தாலோ கால் தடுமாறினாலோ ஞாயிறு வரை காத்திருக்காமல் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பி வா. சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும், ஜிப்மரில் காட்டிவிடுவோம்.

அன்புடன்,
அப்பா