பொது அறைகளின் கொள்ளளவுக் கணக்குப் பிழை தொடர்பான முறைப்பாடு

விசுவமடு.

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

ஐயா / அம்மணி,

தங்கள் நிறுவனத்தின் சிறை நிர்வாகக் கணினி விளையாட்டைப் பணம் செலுத்தி வாங்கி ஓராண்டாக விளையாடி வருகிறேன். சென்ற மாத மேம்படுத்தலின் பின் கைதிகளைத் தங்கவைக்கும் கணக்குப் பிழைத்துவிட்டது.

விளையாட்டில் தனிக்கூடம் ஒன்றுக்குக் குறைந்தது 6 தரைக் கட்டங்கள் வேண்டும். பொது அறையில் தலைக்கு 4 கட்டங்கள் போதும். 12 பேரைத் தனித்தனியே அடைக்க 72 கட்டங்களும், அவற்றுக்கு மேலாக இடைச்சுவர்களும் 12 கதவுகளும் தேவைப்படுகையில், 8க்கு 6 என்ற ஒரே அறையில் ஆறு அடுக்குக் கட்டில்களைப் போட்டு, ஒரு கதவுடன் அதே 12 பேரையும் தங்கவைக்கலாம் என்பதால், உணவுக்கூடத்தைச் சுற்றிலும் நான் பொது அறைகளையே கட்டுகிறேன். முதலில் ஒரு மலசலகூடம், பணம் வரவர மற்றவை என்பது என் வழக்கம். முன்பெல்லாம் மலசலகூடம் ஒன்று மட்டும் இருந்தால் அறைக்கு 4 பேரே அனுப்பப்படுவர். இம்முறை பேருந்து வந்ததும் 12 பேரும் இறக்கப்பட்டனர். எச்சரிக்கை எதுவும் வரவில்லை. காலை மணி அடித்தபோது எல்லோரும் அந்த ஒன்றின் முன் வரிசையில் நின்றனர். ஐந்தாமவரின் முறை வருமுன்னரே சாப்பாட்டு நேரம் முடிந்தது. கடைசியில் நின்றவர் கட்டிலுக்கும் வரிசைக்கும் இடையே நடந்துகொண்டேயிருந்தார். மூன்றாம் நாள் கலவரம் வெடித்து, இரண்டு வார வேலை வீணாயிற்று.

தங்கள் உதவிப் பிரிவோ அறையைப் பெருப்பிக்குமாறு பதில் அனுப்பியது. பெருப்பித்தால் தலைக்கணக்குத்தான் கூடும், மலசலகூடம் கூடாது. கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள்கூடத் தரைப்பரப்பை 13ஆம் விதியிலும் மலசலகூட வசதியை 15ஆம் விதியிலும் வெவ்வேறாகவே கூறுகின்றன. 2009இல் போரால் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் முகாமில் விடியுமுன் வாளியோடு வரிசையில் நின்ற எனக்கு அந்த வேறுபாட்டை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, கொள்ளளவுக் கணக்கில் மலசலகூட எண்ணிக்கையை மீண்டும் சேர்க்குமாறும், அதுவரை முந்தைய பதிப்புக்குத் திரும்ப வழி செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் இயலாதெனில் நான் செலுத்திய பணத்தைத் திருப்பித் தரவும். திருத்தத்தைச் சிறு கோப்பாக வெளியிட்டால் உதவியாயிருக்கும். இங்கு நாம் இரவு டேற்றாவை நம்பியே தரவிறக்குகிறோம். 14 நாட்களுக்குள் எழுத்துமூலப் பதிலை எதிர்பார்க்கிறேன். கலவரத்துக்கு முந்தைய சேமிப்புக் கோப்பை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்