பத்து நிமிடத்தில் நிறைவேறிய செலவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசி மாதம் எங்கள் உள்ளூராட்சி சபையின் மாதாந்தக் கூட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். முதல் ஒன்றரை மணித்தியாலம் கட்சிகளின் வாக்குவாதத்திலேயே போய்விட்டது. அப்புறம் நிதிக்குழுவின் அறிக்கை வந்தது. உழவு இயந்திரத் திருத்தம், வீதி விளக்குக் கொள்வனவு, ஓர் ஒப்பந்தத்தின் கால நீடிப்பு, வெள்ளவாய்க்கால் துப்புரவு. ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், எல்லாம் ஏகமனதாக நிறைவேறின. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எந்த வீதிக்கு எத்தனை விளக்கு, ஒப்பந்தத்தை ஏன் நீடிக்கவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் பத்திரிகையிலும் வாக்குவாதம்தான் வந்தது.

அந்த வாய்க்கால் விடயம் எனக்கு இன்னும் மனதை உறுத்துகிறது. ஐப்பசியில் அங்கீகாரம் கொடுத்து, ஒப்பந்தக்காரரிடம் கேள்விப்பத்திரம் கோரி, ஆட்கள் மண்வெட்டியோடு வரும்போது கார்த்திகை மழை ஒழுங்கைக்குள் நிற்கும். இதே தீர்மானம் ஆடியில் வந்திருந்தால் வாய்க்கால் வெயிலிலேயே துப்புரவாகியிருக்கும். வழமையான விடயம் என்று தள்ளிவிடுகிற அந்த ஒற்றை வரியில்தான் எங்கள் வாசலில் வெள்ளம் வடியுமா இல்லையா என்பது இருக்கிறது.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை அதிகாரிகள்தான் செலவுகளைத் தீர்மானித்தார்கள். எங்களுக்காகக் கேட்க ஆளில்லையே என்று அப்போது குறைப்பட்டோம். இப்போது யாழ். மாவட்டத்தின் 17 சபைகளிலும் ஆள் இருக்கிறார்கள். முதல் தடவை வந்த உறுப்பினர்கள், விளங்காத கணக்கைக் கணக்காளரிடம் கேட்பதில் ஒரு குறைவும் இல்லை.

நிகழ்ச்சி நிரலையும் கொடுப்பனவுப் பட்டியலையும் கூட்டத்துக்கு ஒரு கிழமை முன்பே சபை வாசலிலும் நூலகங்களிலும் ஒட்டிவிட வேண்டும். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். சரி, இருக்கிறது. ஆனால் விண்ணப்பத்துக்கு முடிவு சொல்ல 14 வேலை நாட்கள் வரை எடுக்கலாம். அதற்குள் தீர்மானம் நிறைவேறி, காசோலையும் போயிருக்கும்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கூட்டச் செய்தியோடும், அன்று அங்கீகரித்த செலவுகளை வேலை, இடம், தொகை என்று ஒரு சிறு பெட்டியாகப் போடுங்கள். நான் முதலில் வாசிப்பது அதைத்தான்.

இப்படிக்கு,
வரியிறுப்பாளர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.