ஒன்பதாவது பாட்டு

பாலக்கோடு,
ஆனி மாதம், ஞாயிறு மாலை.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் முன்பு போலவே இருக்கிறது. மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுவதாக உனக்கு எழுதச் சொன்னாள். தோப்பில் பெங்களூரா மாங்காயை இன்னும் பறிக்கவில்லை. அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை வெளியான அந்த வடசென்னைப் பையனின் புதிய ஹிப் ஹாப் ஆல்பத்துக்கு நீ எழுதிய மதிப்புரையைப் பாப்பா எனக்குப் படித்துக் காட்டினாள். அவள் படித்து முடித்த பிறகு கைப்பேசியை வாங்கி நானே இரண்டு முறை படித்தேன். நீ எழுதுவதையெல்லாம் நான் படித்து வருகிறேன் என்பது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். பொங்கலுக்கு வந்து போன பிறகு நீ என்னோடு தொலைபேசியில் பேசியதையெல்லாம் கூட்டினால் பத்து நிமிடம் தேறாது. ஆகவே, எந்தப் பாட்டுக்கு எத்தனை மதிப்பெண் போட்டிருக்கிறாய், எதற்குக் கோபப்பட்டிருக்கிறாய் என்பதைக் கொண்டுதான் நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று நாங்கள் ஊகித்துக்கொள்கிறோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சேலத்துப் பேச்சையும் இந்தக் கடிதத்தில் எடுப்பதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நன்றாக எழுதுகிறாய், தம்பி. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூன்றாவது பாட்டில் 808 என்கிற தாள இயந்திரத்தின் பேஸ் முழக்கம் சொல்லை விழுங்கிவிடுகிறது, பாடியவன் தொண்டை கிழியக் கத்தியும் வரி காதில் விழவில்லை, அது மிக்ஸிங் செய்தவரின் பிழையே தவிரப் பாடியவனின் பிழையன்று என்று பிரித்துச் சொல்லியிருக்கிறாயே, அந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்தது. பாப்பாவின் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். நீ சொன்னது சரிதான். மற்ற ரசிகர்கள் போட்டிருந்த மதிப்பெண்களையும் அவள் காட்டினாள். நாற்பத்தெட்டு நிமிடம் ஓடும் ஆல்பத்துக்கு, வெளியான பத்தாவது நிமிடத்தில் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறார் ஒருவர். வேறொரு ராப் பாடகரின் ரசிகர் என்கிற ஒரே காரணத்துக்காகச் சுழியம் போட்டிருக்கிறார் இன்னொருவர். ஒருவன் ஒரு வருடமோ இரண்டு வருடமோ உட்கார்ந்து எழுதிய சொற்களை இப்படித் தூக்கி எறிகிறார்களே என்று எனக்கு மனம் ஆறவில்லை. அவர்களுக்கு நடுவில், பாட்டுப் பாட்டாகக் காரணம் காட்டி எழுதுகிற என் பிள்ளையின் எழுத்தைப் படித்தபோது, வீட்டுக்கு யார் வந்தாலும் காட்ட வேண்டும் என்று இருந்தது.

ஆனால் ஐந்தாவது பாட்டுக்கு நீ ஆறு போட்டது அநியாயம். அடியின் இறுதியில் ரைம் ஒன்றி வரவில்லை, எழுத்து தளர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். நீ ஆங்கில ராப் கேட்டுப் பழகிய செவியோடு அதைக் கேட்டிருக்கிறாய். அங்கே ஒலி இயைவது பெரும்பாலும் அடியின் முடிவில். நம்முடைய செய்யுளிலோ செவி முதலில் அடியின் தலையைத்தான் தேடும். அந்தப் பையன் கூலி, வேலி, தாலி, காலி என்று நான்கு அடியையும் தொடங்குகிறான். முதலெழுத்து நான்கிலும் நெடில், இரண்டாம் எழுத்து நான்கிலும் ஒன்று. அப்பழுக்கில்லாத எதுகை அது. இறுதியில் இயைபு வேண்டாம் என்று தெரிந்தேதான் விட்டிருக்கிறான்; தலையிலும் காலிலும் மணி கட்டினால் நடை தெரியாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மோனை, எதுகை, இயைபு மூன்றையும் தொல்காப்பியர் செய்யுளியலில் வைத்திருக்கிறார். வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து இதை உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு முறை கேட்டால் இது பிடிபடாது. மூன்று முறை கேட்டுவிட்டு மதிப்பெண் போடு.

நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு வெளியான ஆல்பத்துக்கு உன் மதிப்புரை இரண்டு மணிக்கு வந்துவிட்டது என்று பாப்பா பெருமையாகச் சொன்னாள். எனக்கு அது பெருமையாகப் படவில்லை. நீ எப்போது சாப்பிட்டாய், எப்போது தூங்கினாய், காலையில் எப்படி வேலைக்குப் போனாய் என்றுதான் தோன்றியது. பாரதக் கூத்துக்கு உன் தாத்தா போர்வையும் வெற்றிலைப் பையுமாகப் போய் உட்கார்ந்தால் விடியும்வரை வாய் திறக்க மாட்டார். துரியோதனன் வேடம் கட்டியவனுக்கு நடுச்சாமத்தில் தொண்டை கம்மினாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். படுகளம் முடிந்து, வீட்டுக்கு வந்து, குளித்து, களி சாப்பிட்டு, அதற்குப் பிறகுதான் யார் பாடியது தேறியது, யார் பாடியது தேறவில்லை என்ற பேச்சே வரும். முழுவதையும் கேட்காமல் அவர் யாரையும் நிறுத்துப் பார்த்ததில்லை. ஆகவே மூன்று முறை கேள், தம்பி. அவசரப்பட்டு யாருக்கும் இரண்டோ மூன்றோ போட்டுவிடாதே.

ராப் என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணாதே. 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், கூல் ஹெர்க் என்கிற ஜமைக்காப் பையன் இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு, பாட்டில் தாளம் மட்டும் தனித்து வரும் இடத்தை நீட்டினானே, அந்தக் கதையை நீ பிளஸ் ஒன் படிக்கும்போது அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் வாசலில் செய்தித்தாள் படிப்பது போல உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். அது 2006. மலேசியாவிலிருந்து யோகி பி குழுவினரின் ‘வல்லவன்’ வந்திருந்த ஆண்டு. டேப்ரிக்கார்டரை நான் மாடத்திலிருந்து எடுத்து உள்ளே வைத்துப் பூட்டிய ஆண்டும் அதுதான். 1994இல் நாஸ் வெளியிட்ட முதல் ஆல்பத்துக்கு ‘தி சோர்ஸ்’ இதழ் ஐந்து மைக் கொடுத்தது, அதற்கு மேல் மதிப்பெண்ணே கிடையாது என்று அக்காவிடம் நீ விரலை விரித்துக் காட்டியதும் நினைவிருக்கிறது. 2018இல், சித்திரை பிறந்த வாரத்தில், கென்ட்ரிக் லமாரின் ஆல்பத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தபோது, செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் மட்டுமே அதுவரை போய்க்கொண்டிருந்த பரிசு ராப்புக்கு வந்துவிட்டது என்று சொல்ல நீ வீட்டுக்குத்தான் முதலில் போன் செய்தாய். நான் எடுத்தேன். ‘அம்மாவிடம் கொடுங்கள்’ என்றாய். கொடுத்தேன்.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன்.

ஆல்பத்தில் பதினான்கு பாட்டுகள். நீ பதின்மூன்றுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறாய். ஒன்பதாவது பாட்டுக்கு எதிரே ஒரு சிறு கோடு மட்டும் இருக்கிறது. எழுதும்போது விட்டுப்போயிருக்கும் என்றாள் பாப்பா. நான் தாளும் பேனாவும் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். பதின்மூன்றுக்கும் சேர்த்துத் தொண்ணூற்றைந்து வருகிறது. நீ ஆல்பத்துக்குக் கொடுத்திருக்கும் மொத்த மதிப்பெண் 7.3. பதினான்கால் வகுத்திருந்தால் ஏழுக்குக் கீழே போயிருக்கும். நீ பதின்மூன்றால் வகுத்திருக்கிறாய். அந்தப் பாட்டுக்கு நீ சுழியம் போடவில்லை, அதை மறக்கவும் இல்லை. கணக்குக்கு வெளியே தனியாக எடுத்து வைத்திருக்கிறாய்.

ஒன்பதாவது பாட்டை இதுவரை நான்கு முறை கேட்டுவிட்டேன். கோயம்பேட்டில் மூட்டை தூக்கும் அப்பாவைப் பற்றிய பாட்டு. மகன் மேடையேறுகிற எந்த நிகழ்ச்சிக்கும் அந்த மனிதர் உள்ளே வந்ததில்லை. வாசலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, பாட்டு முடிவதற்குள் நடந்துவிடுகிறார். முதல் ஒரு நிமிடத்துக்கு பீட் என்று எதுவும் கிடையாது, மேசையில் விரலால் தட்டுகிற சத்தம் மட்டும் வருகிறது. பிறகு அந்தப் பையன் ‘அப்பா’ என்று சொல்கிற இடத்தில் விரலும் நின்றுவிடுகிறது. அங்கே மூச்சை உள்ளே இழுக்கிற ஒலி கேட்கிறது. ஒலிப்பதிவில் அதை வெட்டி எடுத்திருக்க முடியும், வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அந்த மூச்சுக்குப் பிறகு அவன் கோபமாக ஏதோ சொல்லப் போகிறான் என்று எதிர்பார்த்தேன். அவன் கோபப்படவில்லை. அடுத்த வரியில் அப்பாவின் செருப்பைப் பற்றிச் சொல்கிறான்.

நீ அதை முழுவதும் கேட்டாயா, பாதியில் நிறுத்திவிட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. இது கேட்கக் கூடாத கேள்வி என்று உனக்குத் தோன்றினால் பதில் எழுத வேண்டாம். சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே. மதிப்பெண் போட முடியாத பாட்டு ஒன்று இருப்பதில் தவறேதும் இல்லை. ஆனால் ஏன் முடியவில்லை என்று ஒரு வரியாவது எழுத வேண்டும் அல்லவா? பாடியவன் பார்த்தால் என்ன நினைப்பான்? அந்தக் கோட்டுக்கு என்ன பொருள் என்று எத்தனை நாள் அவன் மனம் அலையும்?

இதைக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஏனென்றால் அப்படி ஒரு கோடுகூடப் போடாமல், கட்டத்தை வெறுமையாக விட்டவன் நான்.

2004ஆம் ஆண்டு, நீ ஒன்பதாம் வகுப்பு. ஆண்டுவிழாக் கவிதைப் போட்டிக்கு நடுவர்களாக இருந்த மூன்று ஆசிரியர்களில் நானும் ஒருவன். தாளில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். ஏழு தாள்கள் வந்தன. ஐந்தாம் எண் தாளைப் பார்த்ததுமே உன்னுடையது என்று தெரிந்துவிட்டது. உன் ‘ழ’வின் வால் கீழே நீண்டு இடப்பக்கம் வளையும். மற்ற ஆறு தாள்களுக்கும் சிவப்பு மையில் மதிப்பெண் போட்டேன். உன் தாளின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதிகம் போட்டால் வாத்தியார் வீட்டுக்கே பரிசு போயிற்று என்று ஆசிரியர் அறையில் பேசுவார்கள். குறைத்துப் போட மனம் வரவில்லை. ‘இது என் மகனுடைய தாள், நான் நடுவராக இருக்க மாட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லாமல், கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டேன். கூட்டல் போட்டவர் காலியான கட்டத்தைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டார். அவர் கூட்டும்போது நான் அதே அறையில்தான் இருந்தேன், தம்பி. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மற்ற இருவர் உனக்கு எட்டும் ஒன்பதும் போட்டிருந்தார்கள். முதல் பரிசு வாங்கிய பையனுக்கு மொத்தம் இருபத்துநான்கு. நான் எட்டு போட்டிருந்தால்கூட உனக்கு இருபத்தைந்து.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, ‘அப்பா, எனக்கு எத்தனை?’ என்று கேட்டாய். ‘போய்ச் சாப்பிடு’ என்றேன். அதன் பிறகு நீ எழுதிய எதையும் என்னிடம் காட்டியதில்லை. கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் ராப் வரிகள் எழுதி வைத்திருந்தாய். நான் பார்த்திருக்கிறேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

நம் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்த்து ஔவை பாடிய பாட்டு புறநானூற்றில் தொண்ணூற்றிரண்டாவதாக இருக்கிறது. குழந்தையின் மழலை யாழோடும் சேராது, காலத்தோடும் பொருந்தாது, பொருளும் விளங்காது, ஆனாலும் தந்தைக்கு அதன்மேல் அருள் சுரக்கும். என் வாய்ச்சொல்லும் உனக்கு அப்படித்தான் என்கிறாள். எத்தனை ஆண்டு எத்தனை வகுப்பில் நான் இதைக் குரல் தழுதழுக்கச் சொல்லியிருப்பேன். உன் கவிதையோ மழலைகூட இல்லை. தாளத்தோடும் பொருந்தி, பொருளோடும் பொருந்தி வந்த கவிதை அது. அதற்கு ஓர் எண் எழுத எனக்குக் கை வரவில்லை.

போட்டி முடிந்த பிறகு அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வந்து இரும்புப் பெட்டியில் வைத்திருந்தேன். அம்மாவுக்கும் தெரியாது. அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. இத்தனை காலம் கழித்து அதில் எதை எழுதினாலும் உனக்குச் செய்ததை ஈடுகட்டாது. நீ மறந்திருப்பாய், மழையைப் பற்றிய கவிதை. ஓடு ஒழுகும் இடத்திலெல்லாம் அம்மா பாத்திரம் வைப்பதையும், குண்டானில் ஒரு தாளம், சொம்பில் ஒரு தாளம் என்று சொட்டு விழுவதையும் எழுதியிருக்கிறாய். ‘சொம்பில்’ என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். அது அன்றைக்கே நான் போட்டது.

உறையைப் பிரிக்கும்போது மெதுவாகப் பிரி. தாள் மடிப்பில் சற்றுக் கிழிந்திருக்கிறது.

அன்புடன்,
அப்பா