பிடி கொடுக்காத பதில்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, உன்னை விசாரித்தார்.

உன் அலுவலகச் செய்திதான் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஆட்குறைப்புப் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். மேலாளர், "உங்கள் வேலையைப் பற்றி யாருமே குறை சொன்னதில்லையே" என்றாராம். நீயும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டாய். அதை இன்னொரு முறை படித்துப் பார். பொய் எதுவும் சொல்லவில்லை. நீ கேட்டதற்குப் பதிலும் சொல்லவில்லை.

இதே மாதிரி ஒரு விவகாரம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சாமுவேல் பிரான்ஸ்டன் என்ற திரைப்படத் தயாரிப்பாளரின் நிறுவனம் திவாலாகி, அவரைச் சத்தியப் பிரமாணத்தோடு விசாரித்தார்கள். சுவிஸ் வங்கியில் உங்களுக்குக் கணக்கு உண்டா? இல்லை. முன்பு எப்போதாவது? "நிறுவனத்துக்கு ஆறு மாதம் போல சூரிச்சில் ஒரு கணக்கு இருந்தது." அவர் பெயரிலேயே ஜெனீவாவில் ஐந்து ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு கணக்கு இருந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. வழக்கறிஞரும் அதோடு விட்டுவிட்டார். பொய்ச் சாட்சியம் என்று கிடைத்த தண்டனையை 1973-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது. சொன்னது உண்மைதான், மழுப்பினால் விடாமல் கேட்டிருக்க வேண்டியது வழக்கறிஞர் என்பது தீர்ப்பு.

நீதிமன்றத்துக்கு அது சரி. குறுக்கு விசாரணை செய்யவே அங்கே ஒருவர் நிற்கிறார். மற்ற இடங்களில், கேட்டதற்குத்தான் பதில் வருகிறது என்ற நம்பிக்கையில்தான் பேச்சே நடக்கிறது. அந்த நம்பிக்கையை வைத்தே ஆளைக் கவிழ்ப்பதால் எனக்கு இது பச்சைப் பொய்யைவிட மோசமாகப் படுகிறது. பொய் சொன்னவரை நாளைக்குப் பிடித்துக் கேட்கலாம். இவரைக் கேட்டால், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே, நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள்" என்பார். பழியும் உன் தலையில்தான் விழும்.

மேலாளருக்கு மேலிடம் வாய்ப்பூட்டுப் போட்டிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் "இப்போது எதுவும் சொல்ல முடியாது" என்றிருக்கலாமே. அது ஒன்று போதும், நீ அன்றைக்கே வேறு வேலை தேடத் தொடங்கியிருப்பாய். பூசி மெழுகிப் பேசி உன் நாட்களையும் சேர்த்துத் தின்றுவிட்டார்.

திங்கட்கிழமை மறுபடி போய்க் கேள். ஆம், இல்லை, சொல்ல முடியாது, இந்த மூன்றில் ஒன்று வரும்வரை எழுந்து வராதே. 'இல்லை' தவிர வேறு எது வந்தாலும் உடனே பயோடேட்டாவை எனக்கு அனுப்பு. தெரிந்த இடங்களில் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்